தோட்டத்து ரயில்தான் முதலில் வந்தது

டிஸ்னிலேண்டைச் சுற்றி வரும் நீராவி ரயிலைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் அதுபோல ஒரு குட்டி ரயில் போடத் திட்டமிடுகிறவர்கள் உண்டு. வரலாறோ நேர்மாறு.

1950-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே வால்ட் டிஸ்னி ஒரு ரயில் ஓட்டினார். பெயர் 'கரோல்வுட் பசிபிக்'. அசலில் எட்டில் ஒரு பங்கு அளவு. தண்டவாள அகலம் ஏழேகால் அங்குலம், நீளம் சுமார் அரை மைல். மனைவி லில்லியனின் பெயரையொட்டி எஞ்சினுக்கு 'லில்லி பெல்' என்று பெயர் வைத்தார். அவருடைய பூச்செடிகள் கெடாமல் இருக்க, அவற்றின் அடியில் 90 அடிக்குச் சுரங்கம் தோண்டினார், அதையும் வளைவாக. நேராகத் தோண்டினால் செலவு குறைவு. ஆனால் நுழைந்ததுமே மறுமுனை தெரிந்துவிடுமே!

கணக்கு வாத்தியாரான எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அளவும் செலவும் தாளில் வந்துவிடும். பயணிக்கு எதைக் காட்டக்கூடாது என்பதைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

1953-இல் விருந்தினர் ஒருவர் வேகமாக ஓட்டியதில் ரயில் தடம் புரண்டது. நீராவி பட்டு ஒரு சிறுமிக்குக் காலில் சுட்டது. டிஸ்னி அந்த ரயிலை நிறுத்திவிட்டார்.

1955 ஜூலை 17-இல் டிஸ்னிலேண்ட் தொடங்கியபோது, லில்லி பெல்லின் வரைபடத்தைப் பெரிதாக்கிச் செய்த எஞ்சின் 3 அடி அகலத் தண்டவாளத்தில் ஓடியது.

தோட்டத்தில் ரயில் போட நினைப்பவர்கள் அந்தச் சுரங்கத்தோடு 1953-ஐயும் சேர்த்துப் படியுங்கள். கொதிகலன் வைத்த எஞ்சின் எவ்வளவு சிறியதானாலும் பொம்மை அல்ல.