ஷ்மிட் நினைவகமும் கோவளத்து நீலக்கொடியும்

தாம்பரத்துக்காரர்களுக்குச் சொந்தமாகக் கடல் கிடையாது. லீவு விட்டால் ஒன்று பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச், இல்லாவிட்டால் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். எங்கே போவது என்று வகுப்பில் பெரிய சண்டை. அதனால் இரண்டு கரைகளின் கதையையும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காதவர்கள் குறைவு. சினிமாப் பாட்டிலும் வந்திருக்கிறது. ஆனால் அது அலங்கார வளைவு அல்ல. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். அப்போது அது வெள்ளைக்காரர்கள் குளிக்கப் போன ஒதுக்குப்புறமான கரை. இன்றைய கூட்டம் கிடையாது. அங்கேயும் கடல் ஆளை இழுத்திருக்கிறது. கரை அமைதியாக, அழகாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதுதான் முதல் அடி!

கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். பெரும்பாலும் அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். நாமோ அதை நம்பி அங்கேயே இறங்குவோம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும்.

சுத்தம்? எலியட்ஸ் பீச்சுக்கு வடக்கே அடையாறு கடலில் கலக்கிறது. அது நம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமாக வரும் ஆறு. 2015 டிசம்பரில் வீடுகளுக்குள் புகுந்த அதே ஆறு. இங்கே அதில் கொட்டிவிட்டு அங்கே போய் மூக்கைப் பொத்துகிறோம்.

கோவளம் பழைய துறைமுகம். 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே வியாபாரம் செய்தது. 1752ல் கிளைவ் இதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். 2021ல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், கழிவறை, உயிர்காப்பாளர், குளிப்பதற்கான எல்லை என்று எல்லாம் பார்த்துத் தரும் சான்று. அதைத் தரும் அமைப்பின் தலைமையகம் எங்கே தெரியுமா? ஷ்மிட்டின் நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனில்!

ஆனால் கொடி ஊர்க் கடல் முழுவதற்கும் அல்ல, குறித்த ஒரு பகுதிக்குத்தான். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வடக்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் நீரோட்டம் வேறு மாதிரி.

கடைசியில் ஓட்டு கோவளத்துக்கே விழுந்தது. மழைக்காலம் முடிந்து பிப்ரவரியில் போகிறோம். உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் இறங்குவதாகப் பேச்சு.