மாணவர்கள் கிராமத்துக்கு வருகிறார்கள். அறிக்கை எங்கே போகிறது?

நானாட்டான் பக்கம், நறுவிலிக்குளம் போன்ற ஊர்களுக்குக் கையில் படிவத்துடன் பல்கலைக்கழக மாணவர்கள் வருவது இப்போது புதினமல்ல. குடும்பத்தில் எத்தனை பேர், கிணறு உண்டா, வருமானம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்படி வந்த ஒரு குழுவிடம் வயதான அம்மா ஒருவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "போன வருசமும் உதைத்தானே பிள்ளையள் எழுதிக்கொண்டு போனவை. அது என்னவாய்ப் போச்சு?" மாணவர்களிடம் பதில் இருக்கவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. படிவத்தைத் தயாரித்தவர்கள் வேறு ஆட்கள்.

பட்டப்படிப்பின் பகுதியாக வெளியே போய்க் கற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உள்ளகப் பயிற்சி. மாணவர் ஒரு நிறுவனத்திலோ அலுவலகத்திலோ வேலை பழகுகிறார். இலாபம் முதலில் அவருக்கு. மற்றது சேவைவழிக் கற்றல். இதில் ஒரு சமூகத்தின் தேவையை நிறைவேற்றிக்கொண்டே மாணவர் தன் பாடத்தைக் கற்கிறார். இந்தப் பெயரை 1967 அளவில் அமெரிக்காவின் தென்பகுதியில் றொபேர்ட் சிக்மனும் வில்லியம் றம்சியும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் 1979 இல் சிக்மன் மூன்று விதிகளை எழுதினார். அவற்றில் முதலாவது எனக்கு முக்கியமாகப் படுகிறது: எந்தச் சேவை வேண்டும் என்பதைச் சேவை பெறுபவர்களே தீர்மானிக்க வேண்டும்.

பெயர் புதிதென்றாலும் வேலை நமக்குப் புதிதல்ல. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி.ஆரியரத்ன, மாணவர்களைக் குருநாகல் பக்கத்திலுள்ள கனத்தொலுவ என்ற ஒடுக்கப்பட்ட மக்களின் கிராமத்துக்குக் கூட்டிச்சென்றார். அங்கே மாணவர்கள் தங்கி, ஊரவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதய இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 1956 இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம், கிராமத்தில் தங்கி வேலை செய்வதைப் படிப்பின் பகுதியாகவே வைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்களும் இறுதியாண்டில் ஒரு பருவத்தை விவசாயிகளோடு கழிக்கிறார்கள்.

இலங்கையில் இதற்கு நேரக் கணக்கும் உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி வழமையான பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலங்கள். தொழிற்பயிற்சியில் அது 100 மணித்தியாலங்கள். 6 கிரெடிட் பயிற்சி என்றால் 600 மணித்தியாலங்கள், வாரம் 40 மணித்தியாலமாக எடுத்தால் 15 வாரங்கள். சம்பளமில்லாத பயிற்சி என்றால் இந்த 15 வாரங்களும் பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான். மன்னார் மாவட்டத்தில் அரச பல்கலைக்கழகம் இல்லை. பக்கத்திலிருப்பது 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. அங்கெல்லாம் படிக்கும் மன்னார்ப் பிள்ளைக்குச் சொந்த மாவட்டத்திலேயே பயிற்சி கிடைத்தால் பாதிச் செலவு குறையும். ஆனால் நல்ல பெயருள்ள நிறுவனங்கள் கொழும்பில் என்பதால் எல்லாரும் அங்கேயே விண்ணப்பிக்கிறார்கள். அலுவலகங்களில் இடம் கிடைக்கும் சிலரும் போட்டோகொப்பி எடுப்பதோடு நாளைக் கழிக்க நேர்கிறது.

இங்கே வேலை இல்லையா? கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் வயல்கள் இருக்கின்றன. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர் பரப்பில் கிடக்கிறது. மன்னார்த் தீவில் காற்றாலைகள் பற்றியும் கனிம மணல் பற்றியும் மக்களுக்குக் கேள்விகள் இருக்கின்றன. கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்பதை ஒரு சிறிய மின்கடத்துதிறன் மானியுடன் மாணவர் இருவர் மாதாமாதம் அளந்துவிடலாம். பெரிய பணம் தேவையில்லை.

தடையாக இருப்பவற்றில் ஒன்று நாட்காட்டி. பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். பல்கலைக்கழகப் பருவங்களோ பரீட்சையையும் வேலைநிறுத்தத்தையும் பொறுத்து நகர்கின்றன. விவசாயம் படிக்க வரும் பிள்ளை வெறும் தரிசைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடும்.

அதைவிடப் பெரிய தடை மொழி. விஞ்ஞான, விவசாய, பொறியியல் மாணவர்கள் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி விரிவுரையாளரிடம் கொடுக்கிறார்கள். புள்ளி கிடைக்கிறது, அறிக்கை அலுமாரிக்குப் போகிறது. தன் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொடுத்தவருக்கு அது குடிக்க உகந்ததா என்பதுகூடத் தெரியவருவதில்லை. என்னைக் கேட்டால், மொத்தப் புள்ளியில் ஒரு பங்கைத் தமிழில் எழுதிய இரண்டு பக்கத்துக்கு ஒதுக்கவேண்டும். அதை மாணவரே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் கொடுக்கவேண்டும். அடுத்த வருடம் வரும் குழு முதலில் அந்தப் பிரதியை வாங்கிப் படித்த பிறகே வீடுகளுக்குப் போகலாம்.