மன்னார்க் கரையில் கால்நோவு மருத்துவம்

முதிர்ந்த நாயின் இடுப்பு, முழங்கால், முன்னங்கால் மூட்டுகளில் குருத்தெலும்பு தேயும்போது, படுத்தெழுந்தவுடன் அதன் முதல் சில அடிகள் விறைத்திருக்கும். நடக்க நடக்கச் சற்று இளகும். பனிக்காலக் காலையிலும் மழை நாளிலும் நோவு கூடும். திண்ணையில் ஏற முன்பு யோசிக்காத நாய், கீழே நின்று மேலே பார்க்கும். நாய் நோவைக் கத்திச் சொல்வதில்லை. அதனால் ‘கிழடாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லோடு வீட்டார் விட்டுவிடுகிறார்கள். மன்னார்த் தீவின் பள்ளிமுனை போன்ற மீனவ ஊர்களில் நாய் வாடிக்கும் வள்ளத்துக்கும் காவல். ஆனால் இந்தக் கரையில் விலங்குகளின் கால்நோவுக்கு மருத்துவம் பார்க்கும் வழக்கம் நாயிலிருந்து தொடங்கவில்லை. குதிரை, மாடு, கழுதை எல்லாவற்றுக்கும் பின்னரே அது நாயிடம் வந்தது.

விலங்குக்கு மருந்து என்ற ஏற்பாடு பற்றி இப்பகுதியைத் தொட்டுப் பேசும் மிகப் பழைய சான்று அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கட்டளை, தன் நாட்டிலும் சோழர், பாண்டியர் நாடுகளிலும் தம்பபண்ணி எனப்பட்ட இலங்கை வரையிலும் மனிதருக்கு ஒரு மருத்துவம், விலங்குக்கு ஒரு மருத்துவம் என இரண்டையும் ஏற்படுத்தியதாகச் சொல்கிறது. மூலிகை இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுவந்து நட்டதாகவும் அது கூறுகிறது. மருத்துவனை அனுப்புவதைவிடச் செடியை அனுப்புவது செலவு குறைந்த வழி என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் தானே மருத்துவனாக இருந்ததை மகாவம்சத்தின் தொடர்ச்சி விரிவாகப் புகழ்கிறது. யானைக்கும் குதிரைக்கும் படைக்கும் அவன் வைத்தியர்களை நியமித்தான். அந்தப் பட்டியலில் நாய் இல்லை. அரசுக்கு உழைத்த விலங்குக்கே அரசின் மருந்து கிடைத்தது.

மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருந்த மாந்தை, அதாவது மாதோட்டம், முதலாயிரமாண்டில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்று. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அராபிய, பாரசீக வணிகர் புழங்கினர். தமிழகக் கரைக்கு அவர்கள் கொண்டுவந்த சரக்குகளில் குதிரை முக்கியமானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சாததையும் எழுதியிருக்கிறார். குளம்பும் காலும் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. தம் நாட்டில் இருந்தவர்களைக் குதிரை வணிகர் வரவிடவுமில்லை என்கிறார் அவர். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! விலங்கு மருத்துவத்தின் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி இக்கரையின் வரலாற்றில் இல்லை.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் அந்த அராபியத் தொடர்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 19 மீட்டர் சுற்றளவுள்ள அந்த ஆப்பிரிக்க மரம் 1477ஆம் ஆண்டளவில் நடப்பட்டது என்பது வழங்கிவரும் கணிப்பு. மன்னாரின் கழுதைகளும் அதே வணிகரோடு வந்தவை என்றே சொல்லப்படுகிறது. உப்பும் மீனும் தண்ணீரும் சுமந்த கழுதைகளுக்கு 1914இல் தலைமன்னார் வரை வந்த தொடருந்தும், பின்னர் லொறியும் வேலை இல்லாமல் செய்தன. வேலை போனதும் கவனிப்பும் போனது. அவை இன்று தெருவில் அலைகின்றன. வாகனம் மோதிக் கால் முறிந்து நொண்டுவதும் உண்டு. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென ஒரு மருத்துவ நிலையத்தை நடத்த முன்வந்தது. சுமையில்லாத, பயனில்லாத விலங்கின் காலுக்கும் மருந்து வேண்டும் என்ற எண்ணம் இங்கே நிலைபெற்றதில் அந்த முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டு மருத்துவம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. மாட்டின் கால் வீங்கினால் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம். எருக்கிலையைச் சூடுகாட்டிக் கட்டுதல். இலுப்பெண்ணெயோ நல்லெண்ணெயோ இளஞ்சூட்டில் தேய்த்தல். வறுத்த உப்பையோ மணலையோ துணியில் கட்டி ஒற்றுதல். மனிதரின் வாதத்துக்குச் செய்தவையே மாட்டுக்கும் வந்தன. இவற்றில் வெறும் நம்பிக்கை எது, பலன் தருவது எது என்று இப்போது ஓரளவு பிரித்துச் சொல்லலாம். சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. இன்றைய கால்நடை மருத்துவரும் ஒத்தடத்தைப் பரிந்துரைக்கிறார்கள். நொச்சியின் முதிர்ந்த இலைச்சாறு எலிகளில் வீக்கத்தையும் நோவையும் குறைப்பதை இலங்கை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். அது நாயில் செய்த சோதனை அல்ல. உள்ளுக்குக் கொடுக்க அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

இன்னொரு வழக்கம் கொடியது. நாட்பட்ட நொண்டலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூட்டின்மேல் சூடு வைப்பார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் மாட்டுக்கும், அரபு நாடுகளில் ஒட்டகத்துக்கும், ஐரோப்பாவில் பந்தயக் குதிரைக்கும் இதைச் செய்தார்கள். இத்தனை நாடுகளில் இத்தனை காலம் நீடித்ததே இதற்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டது. பிரித்தானியாவில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 1983இல் வெளியானபோது அந்த மதிப்பு உடைந்தது: சூடு வைத்த தசைநாண் வைக்காததைவிட நன்றாக ஆறவில்லை. சூடு வைத்தபின் விலங்கை வாரக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள். குணம் கண்டதெல்லாம் அந்த ஓய்வால்தான். ஓய்வுக்குச் செலவு கிடையாது, தழும்பும் விழாது.

இலங்கையில் நாய் சட்டத்துக்குள் வந்தது நோயாளியாக அல்ல, ஆபத்தாக. 1893இன் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும் 1901இன் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் விசர்நாயைப் பற்றியவை. 1907இல் வந்த விலங்கு வதைத் தடைச் சட்டம் வண்டிமாட்டை வருத்தி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. பேராதனையில் பயின்று வெளிவந்த கால்நடை மருத்துவர்களின் அரச பணியும் பெரும்பாலும் பாலையும் இறைச்சியையும் முட்டையையும் சுற்றியே அமைந்தது. விசர்நோயைத் தடுக்கத் தெருநாய்களைக் கொல்லும் நடைமுறை 2006இல் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்துக்கு வந்தன. கொல்லப்படாத நாய் முதுமையைக் காண்கிறது. முதுமையோடு மூட்டுநோவும் வருகிறது. கருத்தடைக்குப் பின் நாய்க்குத் தீனித் தேவை குறையும்; பழைய அளவே போட்டால் உடல் பருத்து மூட்டின்மேல் பாரம் ஏறும்.

நோவுக்கான மாத்திரையின் கதை வேறு கரையில் தொடங்கியது. வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிப்பதை எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1763இல் எழுதினார். அந்த வழியில் வந்த ஆஸ்பிரினை 1899இல் பேயர் நிறுவனம் விற்றது. நாயின் வயிறு அதைத் தாங்குவதில்லை. 1950களில் பீனைல்பியூட்டசோன் குதிரைக்கு வந்து, நாய்க்கும் ஓரளவு பயன்பட்டது. நாய்க்கென்றே சோதித்த கார்புரோஃபன் 1990களின் பிற்பாதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெலொக்சிகம் அதே காலத்தில் ஐரோப்பாவில் பரவியது.

மெலொக்சிகம் தெற்காசியாவில் பரவலாகக் கிடைப்பதில் பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் பங்கு உண்டு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற நோவு மருந்தே கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்பது 2004இல் உறுதியானது. 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடைசெய்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மாற்றாகக் கண்டறியப்பட்டது மெலொக்சிகம். இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரிக்கத் தொடங்கின; விலை இறங்கியது. ஒரு பறவை இனத்தைக் காக்க எடுத்த முடிவு ஏழை வீட்டு நாயின் முழங்காலுக்கும் உதவியது. 2020இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற பெடின்வெட்மாப் என்ற மாத ஊசி அண்மைய வரவு. அதன் விலை மீனவக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது.

மிக மலிவான மருந்து குறைந்த சோறு. 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் இறப்பு வரை தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது. கால்பங்கு குறைவாகத் தின்ற நாய்களில் பாதி 13 வயது வரை வாழ்ந்தன. மற்றக் குழுவில் அது 11.2 ஆண்டு. மூட்டுநோவுக்குத் தொடர் மருந்து தேவைப்பட்ட வயதும் 10.3இலிருந்து 13.3க்குத் தள்ளிப்போனது. மூன்று ஆண்டுகள் என்பது நாயின் வாழ்வில் எவ்வளவு பெரிய காலம்! விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் துருத்தாத உடலே அளவு.

அடுத்தது மீன் எண்ணெய். ஒமேகா-3 கொழுப்பு மிகுந்த உணவு நாயின் நொண்டலைக் குறைப்பதை 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. குளுக்கோசமின், கொண்ட்ரோய்ட்டின் மாத்திரைகளுக்கு அத்தகைய பலன் இல்லை என்று 2022இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பு முடிவு கண்டது. கடையில் அதிக விலைக்கு விற்பது பலன் தராமல், மன்னார்க் கரையில் வலையில் ஏறும் சூடையும் கீரியும் பலன் தரும் வகையைச் சேர்ந்தவையாக இருப்பது மகிழ்ச்சிக்குரியது. உப்பிடாமல் அவித்து, முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் நல்ல தீனி. மருந்தளவு எண்ணெய் வேண்டுமானால் அது தனியே கொடுக்கவேண்டியது. கருவாடு உப்பால் ஆகாது.

ஈரச் சீமெந்துத் தரைக்குப் பதிலாகப் பல மடிப்புச் சாக்கு, நகம் வெட்டுதல், வழுக்கும் இடத்தில் பழைய பாய், ஒரேயடியாக நீண்ட நடைக்குப் பதில் நாளுக்கு இரண்டு மூன்று சிறுநடை ஆகியவை நோவைக் குறைக்கும். அலையற்ற களப்பில் மார்பளவு நீரில் நடத்துவது பாரமின்றித் தசையை வலுப்படுத்தும். கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் கலந்த தைலங்களை நாய் நக்கிவிடும், அவை நஞ்சு. வீட்டிலிருக்கும் பனடோலும் ஐபுப்ரோஃபனும் மருத்துவரைக் கேளாமல் நாய்க்குக் கொடுக்கக்கூடாதவை. ஐபுப்ரோஃபன் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெலொக்சிகமும் மருத்துவர் எடை பார்த்துத் தரவேண்டியது. முதல் நாளுக்குப் பின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 15 கிலோ ஊர்நாய்க்கு அது 1.5 மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரை ஒன்றில் 7.5 அல்லது 15 மில்லிகிராம் இருப்பதால், ஒரு முழு மாத்திரை ஐந்து முதல் பத்து மடங்காகிவிடும். சோற்றோடு கொடுக்கவேண்டும், வாந்தியோ கருப்பு மலமோ கண்டால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டவேண்டும்.