கைவழி வந்த கலை

எழுதிய சித்திரத்தை நடக்க வைப்பது எளிய காரியம் அன்று. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு மான் துள்ளுவதற்கு எத்தனை சித்திரங்கள் வேண்டும், எந்தச் சித்திரத்தில் அதன் முதுகு வளைய வேண்டும் என்பவற்றை நூலிற் படித்து அறிதல் அரிது. அறிந்தவர் அருகிருந்து காட்டவேண்டும்.

இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தோன்றியது. பம்பாயில் இருந்த அதன் கார்ட்டூன் பிரிவுக்கு, 1956இல், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் கிளேர் வீக்ஸ் வந்து சேர்ந்தார். டிஸ்னியின் கலைக்கூடத்தில் ‘பாம்பி’ முதலிய படங்களிற் பணியாற்றியவர் அவர். அவர் அளித்த பயிற்சியில் உருவான படத்துக்குக் கதையாக அமைந்தது பௌத்த ஜாதகக் கதையொன்று. கருவுற்ற பெண்மானுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்த மானரசனின் கதை அது. ‘பானியன் டீயர்’ என்னும் அப்படம் 1957இல் உருப்பெற்றது.

வந்த ஆசான் விடைபெற்றுச் சென்றார். அவரோடு கலையும் போய்விடுமோ என்ற ஐயம் இயல்பானதே. ஆனால், அவரிடம் பயின்ற இளைஞருள் ராம் மோகன் ஒருவர். அவர் 1968 வரை அங்கே பணிபுரிந்து, 1972இல் சொந்த நிலையம் தொடங்கினார். 2006இல், தம் 75ஆம் வயதில், இக்கலைக்கென ஒரு பள்ளியையே நிறுவினார். 2019இல் அவர் மறைந்தார்; மாணவர் ஆசிரியரானமையால் கலை மறையவில்லை.

இன்று தாளின் இடத்துக்குக் கணினி வந்துவிட்டது. சண்டிலிப்பாய்ச் சிறுமியும் அதில் ஒரு மானை வரையலாம். அதன் முதுகு எப்போது வளையவேண்டும் என்று காட்ட அவளுக்கும் ஓர் ஆசான் வேண்டும்.