அழித்து எழுதாதவர்

1571 பிப்ரவரி 28. பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்குக் கிழக்கே ஒரு கோட்டை வீடு. அன்றைக்கு அதன் சொந்தக்காரருக்கு 38 வயது முடிகிறது. நீதிமன்றப் பதவி போதும், மிச்ச நாட்களைப் புத்தகங்களோடு அமைதியாகக் கழிக்கப்போகிறேன் என்று லத்தீன் மொழியில் சுவரில் எழுதி வைக்கிறார். அவர் பெயர் மிஷேல் த மோந்தேன்.

அமைதி வரவில்லை. உயிர் நண்பர் லா போயெத்தி 1563இலேயே இறந்துவிட்டார். 1568இல் அப்பா போனார். 1570இல் பிறந்த முதல் பெண் குழந்தை இரண்டு மாதம்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்தால் மனம் அடங்கும் என்று நினைத்தவருக்கு, அது கட்டவிழ்த்த குதிரை மாதிரி ஓடியது. அந்த ஓட்டத்தை அப்படியே எழுதி வைத்தால் மனத்துக்கே ஒருநாள் வெட்கம் வரும் என்ற எண்ணத்தில் எழுத ஆரம்பித்தார். 1580இல் அது இரண்டு பாகங்களாக அச்சானது. புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘எஸ்ஸே’. பிரெஞ்சில் அதற்கு முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். இன்று உலகம் முழுக்க ‘எஸ்ஸே’ என்கிற வடிவத்துக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

தன்னைப் பற்றி என்னென்ன சொல்கிறார் என்று பாருங்கள். குள்ளம். ஞாபகசக்தி மோசம், வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல், அவர்கள் செய்யும் வேலையையோ பிறந்த ஊரையோ சொல்லித்தான் கூப்பிடுவார். நிலபுலன் உள்ளவர், ஆனால் தோட்டத்தில் முட்டைகோஸ் எது, கீரை எது என்று தெரியாது. சாப்பிடும் அவசரத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வார், சில சமயம் விரலையும். முள்ளங்கி முதலில் ஒத்துக்கொண்டதாம், பிறகு ஒத்துக்கொள்ளவில்லையாம், இப்போது மறுபடி ஒத்துக்கொள்கிறதாம். இதையெல்லாம் லத்தீனைத் தாய்மொழி போலக் கற்று வளர்ந்த ஒரு பிரபு அச்சில் போடுகிறார்.

இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர் எழுதிய காலம் அப்படி. 1562 முதல் 1598 வரை பிரான்சில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் வெட்டிக்கொண்டார்கள். 1572 ஆகஸ்டில் பாரிஸில் தொடங்கிய புனித பர்த்தலோமேயு நாள் படுகொலை அக்டோபரில் போர்தோவுக்கும் வந்தது. மோந்தேன் கத்தோலிக்கர், கூடப் பிறந்த தம்பி ஒருவரும் தங்கை ஒருவரும் புராட்டஸ்டன்டுகள். கடவுள் என் பக்கம்தான் என்பதில் ஒருத்தருக்கும் துளி சந்தேகம் இல்லாத ஊரில், ‘நான் தடுமாறுகிறவன், நேற்று நினைத்ததை இன்று நினைப்பதில்லை’ என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். தன் மனமே இவ்வளவு நிலையில்லாதது என்று தெரிந்தவனுக்கு, வேறொருவனின் நம்பிக்கைக்காக அவனைக் கொளுத்தக் கை வராது. கத்தோலிக்க அரசர் மூன்றாம் ஹென்றியும் புராட்டஸ்டன்டு தலைவரான நவார் ஹென்றியும் அவரைத் தூதுவராக நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் திருத்தும் விதம். அதாவது, திருத்தாத விதம். கருத்து மாறினால் பழையதை அழிப்பதில்லை. பக்கத்திலேயே புதியதைச் சேர்ப்பார். 1588இல் மூன்றாம் பாகத்தோடு வந்த பதிப்பின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, 1592 செப்டம்பரில் இறக்கும்வரை அதன் ஓரங்களில் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி இன்றும் போர்தோ நூலகத்தில் இருக்கிறது. 40 வயது ஆளும் 55 வயது ஆளும் ஒரே பக்கத்தில் முரண்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய போட்டோவை டெலிட் பண்ணுகிற நம் கைக்கு இது விசித்திரம்தான்.

இங்கே ரூசோ குறுக்கே வருகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் தன் சுயசரிதையை எழுதியவர், மோந்தேனைப் பார்த்துச் சிரித்தார். குறைகளை ஒப்புக்கொள்வது போலக் காட்டி, பிறர் ரசிக்கக்கூடிய குறைகளை மட்டும் இவர் சொல்லிக்கொள்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. இது நம்ம காலத்தையும் குத்துகிறது. ‘நான் கொஞ்சம் மறதிக்காரி’, ‘ஓவரா யோசிப்பேன்’ என்று எழுதினால் இதயக்குறிகள் விழும். இதெல்லாம் குறை வேஷம் போட்ட அழகுகள். பொறாமையையோ, அம்மாவின் போனை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டதையோ யாரும் அப்படிப் போடுவதில்லை.

ரூசோ சொன்னது சரியா? பாதி சரி. கைக்குழந்தைகளாகவே இறந்த தன் பிள்ளைகளைப் பற்றி மோந்தேன் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டா மூன்றா என்று எண்ணிக்கையைக்கூட உறுதியாகச் சொல்லவில்லை. வருத்தம் இருந்தது, ஆனால் பெரிதாக உடைந்துபோகவில்லை என்கிறார். ஆறு பெண்களில் பிழைத்தது ஒருத்திதான். அந்த வரிகளை யாரும் ரசித்துப் படிக்க முடியாது. படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் துக்கம் வர வேண்டிய இடத்தில் அது போதுமான அளவு வராமல் போனதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ரூசோவின் சட்டகத்துக்குள் அது அடங்காது.

மறுபாதி இது. 1581இல் அவர் ஊரில் இல்லாதபோதே போர்தோவுக்கு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாவது முறையும் பதவி கிடைத்தது. அது முடிகிற 1585 ஜூலையில் நகரத்தில் கொள்ளைநோய், ஆயிரக்கணக்கில் சாவு. அடுத்த மேயரிடம் பொறுப்பை ஒப்படைக்க உள்ளே வரத்தான் வேண்டுமா என்று வெளியிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டார். போகவில்லை. தன் நிர்வாகம் தடமே விடவில்லை என்று ஊர் பேசியதைப் புத்தகத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஒப்புக்கொள்கிறார். நோய்க்குப் பயந்து குடும்பத்தோடு மாதக்கணக்கில் அலைந்ததையும் எழுதுகிறார். நகர வாசலுக்கு வெளியே நின்றுவிட்டதைப் பற்றி மட்டும் பேச்சில்லை. கடிதம் பிழைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

இதனால் அவர் போலி என்று ஆகிவிடாது. உள்ளே போயிருந்தால் யாருக்கும் பெரிய பயன் இருந்திருக்காது என்றும் வாதிடலாம். ஆனால் ‘உன்னை நீயே ஏற்றுக்கொள்’ என்று யாராவது லேசாகச் சொல்லும்போது எனக்கு இந்த இரண்டும் சேர்ந்து ஞாபகம் வருகின்றன. நாக்கைக் கடித்துக்கொண்டதைச் சொல்ல மோந்தேனுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. குழந்தைகளைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ சிரமம் இருந்திருக்கும், சொன்னார். வாசலைப் பற்றிச் சொல்ல அவராலும் முடியவில்லை. தன்னை ஏற்றுக்கொள்வதில் நாம் எதுவரை வந்திருக்கிறோம் என்பதை, எழுதியதை வைத்து இல்லை, எழுதாமல் தள்ளிவைத்ததை வைத்துத்தான் பார்க்க முடியும்போல.