வாடைக்கு ஓர் அளவுகோல்

1888-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் காலையில், அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் குளிர்காலத்துக்குச் சற்றும் பொருந்தாத இதமான வானிலை நிலவியமையால், கனத்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்குச் சென்றிருந்த குழந்தைகள் பலர், வடதுருவப் பிரதேசத்திலிருந்து திடீரென்று இறங்கிய வாடையிலும் பனிப்புயலிலும் அகப்பட்டு, வீடு திரும்பும் வழியிலேயே உயிர் துறந்தனர். மாண்டவர் தொகையை 235 என்று மதிப்பிடுவர்.

இத்தகைய மரணங்களில் குளிரைப் போலவே காற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. நம் சரீரம் தன் உஷ்ணத்தால் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெப்பப் போர்வையை உண்டாக்கிக்கொள்கிறது. வீசும் காற்று அதை ஓயாமல் வாரிக்கொண்டு போவதால், தோல் விரைவில் குளிர்ந்து உறையத் தலைப்படுகிறது. குளிர்நாட்டு மக்கள் யாவரும் அனுபவத்தால் அறிந்திருந்த இவ்வுண்மையை வெப்பமானி ஒன்றினால் மட்டும் அளந்து கூற இயலவில்லை.

அக்குறையை நீக்கியவர் பால் சைப்பிள். 1928-இல் ரிச்சர்ட் பேர்டின் அண்டார்ட்டிகா யாத்திரைக்குச் சாரணராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1939 முதல் 1941 வரை நடந்த மற்றோர் யாத்திரையின்போது, சார்லஸ் பாசல் என்பவருடன் சேர்ந்து, பாசறைக் கூரைமேல் நட்ட கம்பத்தில் 250 கிராம் நீர் அடங்கிய சிறு பிளாஸ்டிக் உருளையைத் தொங்கவிட்டு, வெவ்வேறு குளிரிலும் வெவ்வேறு காற்று வேகத்திலும் அந்நீர் உறைவதற்குப் பிடிக்கும் நேரத்தைப் பொறுமையோடு குறித்து வந்தார். அந்த இருளிலும் குளிரிலும் நின்று இவ்வளவு எளிய கருவியைக் கொண்டு இவ்வளவு பயனுள்ள சாஸ்திரத்துக்கு வித்திட்ட அவ்விருவரையும் எத்தனை போற்றினாலும் தகும். முடிவுகள் 1945-இல் வெளியாயின.

ஆயினும், உருளைக்கு ரத்த ஓட்டம் ஏது? அதனால் பழைய கணக்கு குளிரின் கடுமையை மிகைப்படுத்திக் காட்டியது. பின்னர், டொரான்டோ நகரில் 12 தொண்டர்கள் முகத்தில் உணர்கருவிகளைப் பொருத்திக்கொண்டு குளிர்காற்றுக்கு எதிரே நடந்து காட்டிய பரிசோதனையின் துணையோடு சூத்திரம் திருத்தப்பட்டு, 2001 நவம்பர் முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்குக்கு வந்தது. குளிரையும் காற்றின் வேகத்தையும் சேர்த்து இச்சூத்திரம் தரும் எண் உயிருள்ள தோலுக்காகச் சொல்லப்படுவது. எவ்வளவு காற்று வீசினாலும் தண்ணீர்க் குழாயும் மோட்டார் வண்டியும் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே குளிர்வதில்லை.

புதிய அட்டவணையின்படி, வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கையில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 28 டிகிரிக்குச் சமானம். அந்த நிலையில் மூடாத மூக்கும் காதும் 30 நிமிஷத்தில் உறைந்துவிடக்கூடும்.