மலைக்கள்ளனும் நாகம்மாளும்

1/ ஒரு நாவலாசிரியர் இன்னொருத்தர் நாவலைப் பத்தி வாயைத் திறந்தாலே இங்கே பஞ்சாயத்துதான். இது இன்னைக்கு வந்த பழக்கம் இல்லைங்க. 1950களிலேயே க.நா.சுப்ரமண்யம் இந்த வேலையை முழுநேரமாகச் செய்தார். அவரும் நாவலாசிரியர்தான், 'பொய்த்தேவு' எழுதியவர். ஊரே கொண்டாடிய கல்கியின் தொடர்கதைகளை, சுவாரசியம் வேறு இலக்கியம் வேறு என்று ஒதுக்கி வைத்தார். நல்ல நாவல் எது என்று பட்டியல் போட்டார். "பட்டியல்காரர்" என்று கேலி செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

2/ அவர் மதித்த நாவல்களில் ஒன்று நம்ம கொங்கு நாட்டு நாவல். ஆர்.சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்', 1942. கோவையில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன், பெயரே தெரியவில்லை. 'மலைக்கள்ளன்' தெரியுமா என்றால் எல்லோருக்கும் தெரிகிறது.

3/ முதலில் மலைக்கள்ளன். எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை. பணக்காரனிடம் அடித்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளன், மாறுவேடம், காதல், கடைசியில் எல்லாம் சுபம். 1954இல் நம்ம பட்சிராஜா ஸ்டுடியோ அதைப் படமாக்கியது. இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு, வசனம் மு.கருணாநிதி, நடிப்பு எம்.ஜி.ஆர்., பானுமதி. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

4/ அதோடு நிற்கவில்லை. தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் என்று போனது. இந்தியில் திலீப்குமாரை வைத்து 'ஆசாத்', 1955. ஒரு நாமக்கல்காரர் எழுதிய கதை, கோயமுத்தூரில் இருந்து பம்பாய், கொழும்பு வரை போயிருக்கிறது. இதை "வெறும் கேளிக்கை" என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. இந்த இடத்தில் நான் க.நா.சு. கட்சி இல்லை.

5/ இப்போ நாகம்மாள். இதில் கள்ளன் இல்லை. கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி, கையில் ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் வீட்டில் இருக்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என் பங்கு நிலத்தைப் பிரிச்சுக் கொடு. அந்தப் பேச்சு வளர்ந்து வளர்ந்து கொலையில் முடிகிறது. கொங்குப் பேச்சு அப்படியே காதில் விழும்.

6/ அந்தக் காலத்துச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1937இல் ஒரு சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது, அதுவும் ஆயுள் வரைக்கும்தான். 1941இல் ஃபெடரல் கோர்ட், இது விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் நாவல் வெளிவருகிறது. நிலம்தான் சொத்தே என்றிருந்த ஊரில் நிலத்தை மட்டும் விட்டுவிட்டு உரிமை கொடுத்தால் அவளுக்கு என்ன மிஞ்சும்? சண்முகசுந்தரம் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் கிராமத்தைப் பார்த்தார், அது போதும்.

7/ இன்னொரு சங்கதி. வங்காள நாவல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் இதே சண்முகசுந்தரம்தான். அந்த நாவலுக்கு 1955இல் ஒரு சத்யஜித் ராய் கிடைத்தார், உலகமே பார்த்தது. ஸ்டுடியோக்கள் இருந்த ஊரில் நம்ம நாகம்மாளுக்கு அப்படி ஒருத்தர் வாய்க்கவில்லை.

8/ டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் முன்னால் ஒரு பெரியம்மா வந்தார். பி.பி. இறங்கவே மாட்டேன் என்கிறது. மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். "பூமி பாகம் பிரிச்சாங்க டாக்டரு. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டுட்டனுங்க. அன்னைல இருந்து கண்ணு மூட மாட்டேங்குது."

9/ 1956 சட்டம் விதவைக்கு முழு உரிமை கொடுத்தது. 1989இல் தமிழ்நாடு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் இந்தியா முழுக்க வந்தது. சட்டம் எல்லாம் வந்தாச்சு. பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் நிற்கவில்லை. கேட்டால், "அண்ணன் தம்பி உறவு வேணுமா, நிலம் வேணுமா?" நாகம்மாளிடம் ஊர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

10/ மலைக்கள்ளனைப் பாருங்கள், தப்பே இல்லை. ஏழைக்கு நியாயம் வாங்கிக் கொடுக்க முகமூடி போட்ட ஒருத்தன் வருவான் என்று நம்புவது ரெண்டரை மணி நேரத்துக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெரியம்மாவுக்கு யாரும் வரவில்லை. அவர் கதையை 80 வருடம் முன்பே எழுதிவைத்த மனுசன் நம்ம ஊர்க்காரர். க.நா.சு. பட்டியல் போட்டிருக்காவிட்டால் எனக்கும் அது தெரிந்திருக்காது.

சின்ன புத்தகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படித்துவிட்டு, உங்கள் வீட்டில் கடைசியாக யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று உங்க அம்மாவிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.